புடாபெஸ்டில் போட்ட கையெழுத்து

1994 டிசம்பர் 5. ஹங்கேரியின் தலைநகர் புடாபெஸ்டில் யெல்ட்சின், கிளிண்டன், ஜான் மேஜர், குச்மா ஆகிய நால்வரும் ஒரு சின்ன உடன்பாட்டில் கையெழுத்துப் போட்டார்கள். சோவியத் ஒன்றியம் உடைந்தபோது உக்ரைன் மண்ணில் மிஞ்சிக் கிடந்தவை சுமார் 1,900 தொலைதூர அணுகுண்டுகள். அவற்றை ரஷ்யாவிடம் ஒப்படைத்துவிட்டு, அணு ஆயுதப் பரவல் தடை ஒப்பந்தத்தில் சேர உக்ரைன் சம்மதித்தது. பதிலுக்கு ரஷ்யாவும் அமெரிக்காவும் பிரிட்டனும், "உன் எல்லைகளை மதிப்போம், உன்மீது படைபலத்தைப் பயன்படுத்த மாட்டோம்" என்று எழுதிக் கொடுத்தன.

சரி, யாராவது மீறினால்? அங்கேதான் விஷயம் இருக்கிறது. கூடிப் பேசுவோம், அணுகுண்டைக் காட்டி மிரட்டினால் ஐ.நா. பாதுகாப்புச் சபைக்குப் போவோம், அவ்வளவுதான். அந்தச் சபையில் ரஷ்யாவுக்கே வீட்டோ உண்டு!

வணிகச் சட்டம் படிக்கிறவர்களுக்கு இது சட்டென்று புரியும். கடன் வாங்குகிறவனின் தோளைத் தட்டி "நானிருக்கேன், பயப்படாதே" என்பது வேறு, ஜாமீன் கையெழுத்துப் போடுவது வேறு. ஆங்கிலப் பிரதியில் 'கேரண்டி' என்ற சொல்லை அமெரிக்கர்கள் கவனமாகத் தவிர்த்து 'அஷ்யூரன்ஸ்' என்று போட்டார்கள். உக்ரைன் மொழிப் பிரதியிலோ உத்தரவாதம் என்று பொருள்படும் சொல்லே இருக்கிறது. ஒரே தாள், ஆளுக்கொரு அர்த்தம்.

உக்ரைன் ஏமாளித்தனமாகக் கொடுத்துவிட்டது என்று சொல்வதும் நியாயமில்லை. அந்தக் குண்டுகளை ஏவும் கட்டுப்பாடு மாஸ்கோவிடம் இருந்தது. பராமரிக்கக் காசும் இல்லை. அதன் பொருளாதாரம் அப்போது எந்த நிலையில் இருந்தது என்பதற்கு இன்னொரு கணக்கு போதும். 1999-2000ல் 11 கனரகக் குண்டுவீச்சு விமானங்களையும் 575 குரூஸ் ஏவுகணைகளையும் ரஷ்யாவுக்குக் கொடுத்து, எரிவாயுக் கடனில் ஒரு பகுதியைக் கழித்துக்கொண்டது உக்ரைன். அதே ரக விமானங்கள்தாம் 2022 முதல் உக்ரைன் நகரங்கள் மீது ஏவுகணைகளை வீசின.

2008ல் புகாரெஸ்ட் மாநாட்டில் நேட்டோ இன்னொரு தோள்தட்டல் செய்தது. உக்ரைனும் ஜார்ஜியாவும் ஒருநாள் உறுப்பினர் ஆகும் என்று அறிவித்தது, தேதி மட்டும் சொல்லவில்லை. நான்கே மாதத்தில் ஜார்ஜியாவில் போர். 2014ல் கிரிமியா போனது. 2022 பிப்ரவரி 24ல் முழுப் படையெடுப்பே வந்துவிட்டது.

அதன் பிறகு ஆயுதங்கள் வந்தன, உண்மைதான். ஆனால் கொடுப்பவரின் வசதிப்படி வந்தன. 12 மாதத்தில் பத்து லட்சம் பீரங்கிக் குண்டுகள் தருவதாக 2023 மார்ச்சில் ஐரோப்பிய ஒன்றியம் வாக்களித்தது. கெடு முடிந்தபோது கிடைத்தது ஏறக்குறையப் பாதி. பனிப்போருக்குப் பிறகு, ஆர்டர் இல்லாத தொழிற்சாலைகளைக் குறைத்துவிட்ட நாடுகள் அவை. கஜானாவில் பணம் இருந்தால் மட்டும் குண்டு வந்துவிடாது, அதை வார்க்க ஆலையும் வெடிமருந்தும் வேண்டும். அமெரிக்காவிலோ சுமார் 61 பில்லியன் டாலர் உதவி மசோதா மாதக்கணக்கில் நாடாளுமன்றத்தில் முடங்கிக் கிடந்து 2024 ஏப்ரலில்தான் நிறைவேறியது. அதற்குள், பிப்ரவரியிலேயே, குண்டுத் தட்டுப்பாட்டோடு போராடிய அவ்தீவ்கா நகரம் விழுந்துவிட்டது.

இதையெல்லாம் மிகக் கூர்ந்து பார்த்த நாடு பின்லாந்து. ரஷ்யாவோடு அதன் எல்லை சுமார் 1,340 கிலோமீட்டர். பல பத்தாண்டுகள் எந்த இராணுவக் கூட்டணியிலும் சேராமல் இருந்த அந்த நாடு, படையெடுப்பு நடந்த மூன்றே மாதத்தில் விண்ணப்பித்து 2023 ஏப்ரல் 4ல் நேட்டோவில் சேர்ந்தது. துருக்கியும் ஹங்கேரியும் இழுத்தடித்ததால் சுவீடன் 2024 மார்ச் வரை காத்திருக்க வேண்டியதாயிற்று.

நேட்டோவின் 5ஆம் பிரிவு ஜாமீன் கையெழுத்துதானா? ஒருவர் மீதான தாக்குதல் எல்லோர் மீதான தாக்குதல் என்கிறது அது. ஆனால் ஒவ்வொரு நாடும் "தேவை என்று தான் கருதும்" நடவடிக்கையை எடுக்கும் என்றுதான் எழுதியிருக்கிறது. பின்லாந்துக்காரர்கள் அந்த வரியையும் படித்திருக்கிறார்கள் போலிருக்கிறது. கூட்டணியில் சேர்ந்த பிறகும் கட்டாய இராணுவ சேவையை அவர்கள் கைவிடவில்லை. 2025ல், கண்ணிவெடித் தடை ஒப்பந்தத்திலிருந்து விலகுவதாக ஐ.நா.வுக்கு எழுதியும் அனுப்பிவிட்டார்கள்.