புல்டோசருக்கு முந்திய புல்டோஸ்

போன மாதம் ஒரு மொழிபெயர்ப்பில் மாட்டிக்கொண்டேன். எதிர்ப்பையெல்லாம் 'புல்டோஸ்' பண்ணி மசோதாவை நிறைவேற்றியதாக ஒரு வரி. 'அடாவடியாக' என்று போட்டேன், சப்பென்று இருந்தது. இயந்திரம் செய்வது நேர்ப்பொருள், மசோதா விவகாரம் உருவகம் என்றுதான் அதுவரை நினைத்திருந்தேன். தேடிப்போனால் கதை தலைகீழ்.

சொல் புழக்கத்துக்கு வந்தது 1876இல், அமெரிக்காவின் லூசியானாவில். மண் தள்ளும் அந்த இயந்திரம் அப்போது கிடையாது. 1870இல் அரசியல் சட்டத்தின் 15ஆம் திருத்தம் கறுப்பின ஆண்களுக்கு வாக்குரிமை தந்திருந்தது. அவர்கள் குடியரசுக் கட்சிக்கு ஓட்டுப் போட்டுவிடாமல் தடுக்க வெள்ளையர் கும்பல்கள் இரவில் வீடு தேடிப் போயின. அவர்கள் கொடுத்த சவுக்கடிதான் 'புல்-டோஸ்'. காளைக்குக் கொடுக்கிற அளவு மருந்து என்று விளக்கம் சொல்கிறார்கள். இந்தக் கேலியைக் கவனிக்க வேண்டும். அடிக்கிறவன் வைத்தியன், அடிபடுகிறவன் மாடு. வன்முறை தன்னைச் சிகிச்சையாகச் சொல்லிக்கொள்ளும் சொல்லாடல் அதன் கருவிலேயே இருக்கிறது.

அந்தத் தேர்தலையொட்டி எலைசா பிங்ஸ்டன் என்ற கறுப்பினப் பெண்ணின் கணவரும் குழந்தையும் கொல்லப்பட்டார்கள். காயங்களோடு அவரை நாற்காலியில் தூக்கிவந்து நியூ ஆர்லியன்ஸில் வாக்குகளைச் சரிபார்க்கும் குழுவின் முன் சாட்சி சொல்லவைத்தார்கள். ஒரு தரப்புக்கு அவர் தேர்தல் ஆதாரம், மறுதரப்பு அவர் நடத்தையைக் கிளறியது. குழு ஆயிரக்கணக்கான ஓட்டுகளைத் தள்ளியது. குடியரசுக் கட்சியின் ஹேய்ஸ் ஜனாதிபதியானார். 1877 ஏப்ரலில் அதே ஹேய்ஸ்தான் லூசியானாவில் காவல் நின்ற படையை விலக்கிக்கொண்டார். எலைசாவின் சாட்சியம் யாருக்குப் பயன்பட்டது? 1896இல் அங்கே பதிவான கறுப்பின வாக்காளர்கள் 1,30,000க்கு மேல். 1898இல் எழுத்தறிவு, சொத்து என்று நிபந்தனை போட்டுப் புதிய அரசியல் சட்டம் வந்தது. 1904இல் மிஞ்சியவர்கள் 1,342 பேர். சவுக்கு செய்த வேலையைப் பேனா முடித்துவைத்தது.

பிறகு சொல் கண்டபடி திரிந்தது. மிரட்டுகிற எவனும் புல்டோசர் ஆனான், பெரிய கைத்துப்பாக்கிக்கும் அந்தப் பேர் கிடைத்தது. டிராக்டருக்கு முன்னால் தகடு மாட்டி மண் தள்ளும் இயந்திரத்துக்கு அது ஒட்டிக்கொண்டது 1930 வாக்கில்தான். ஆக, ரவுடியின் பேரைத்தான் இரும்புக்கு வைத்திருக்கிறார்கள். நாம் நேர்ப்பொருள் என்று நம்பும் இயந்திரம்தான் உருவகம்.

1976இல் டெல்லி துர்க்மான் கேட்டில் வீடுகளை இடித்ததும் அதே பெயரில்தான். 2022 உத்தரப் பிரதேசத் தேர்தலில் பிரச்சாரக் கூட்டங்களில் புல்டோசர்களைக் கொண்டுவந்து நிறுத்தினார்கள். ஓட்டிலிருந்து கிளம்பிய சொல் ஓட்டுக்கே வந்து சேர்ந்தது. (வீடு இடிக்க வருவது பெரும்பாலும் நாம் ஜேசிபி என்று சொல்கிற வண்டிதான். ஆனால் பயமுறுத்த அந்தப் பேர் போதாது போல.) குற்றம் சாட்டப்பட்டவர் என்பதற்காகவே ஒருவர் வீட்டை இடிக்கக் கூடாது, 15 நாள் முன்னறிவிப்பு வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் சொன்னது 2024 நவம்பர் 13இல். அதற்குள் இடிந்தவை இடிந்துவிட்டன.

'அடாவடியாக' என்பதை அடித்துவிட்டேன். வரி 'புல்டோஸ் பண்ணி' என்றே நிற்கிறது. தமிழ்ப்படுத்தவில்லையே என்று படித்துப் பார்த்த நண்பருக்குக் கோபம். எலைசாவின் கதையை அவரிடம் இன்னும் சொல்லவில்லை.