பலூன் கொட்டகையிலிருந்து கார் டயர் வரை

1946-ல் சென்னை திருவொற்றியூரில் ஒரு சின்னக் கொட்டகையில் கே.எம்.மாம்மன் மாப்பிள்ளை பொம்மை பலூன் செய்யத் தொடங்கினார். அதுதான் பின்னாளில் எம்.ஆர்.எஃப்! 1952-ல் அவர் இறங்கியது புது டயரில் அல்ல, தேய்ந்த டயரின் மேல் ஒட்டும் ட்ரெட் ரப்பரில். புது டயர் வாங்கக் கட்டுப்படியாகாதவர்களுக்கு ரீட்ரெடிங்தானே வழி! 1961-ல் அமெரிக்காவின் மேன்ஸ்ஃபீல்டு நிறுவனத்தோடு சேர்ந்து டயரே தயாரித்தார்கள்.

பட்டன் தேய்ந்தால்தான் டயர் மாற்ற வேண்டும் என்ற நினைப்பு மட்டும் மாறவில்லை. புதுக்கோட்டை வெயிலில் ஓடாமல் நிற்கும் குடும்பக் காரில் பட்டன் அப்படியே இருக்கும், ரப்பர் உள்ளுக்குள் இறுகிப்போயிருக்கும். வயதைச் சொல்வது பக்கவாட்டில் உள்ள நான்கு இலக்க எண்தான். 2319 என்றால் 2019-ஆம் ஆண்டின் 23-வது வாரத் தயாரிப்பு. புது டயர் வாங்கும்போதும் இதைக் கேட்டுப் பார்க்கலாம், கடைக்காரர் கோபித்துக்கொள்ள மாட்டார்!