கவிழ்த்து வைத்த சைக்கிள்

கார்க் கதவுக்குள் புது மோட்டர் பூட்டியாச்சு. ஆனால் ஏற்றுற சுவிட்சை அமத்தினால் கண்ணாடி இறங்குது. கராஜ் அண்ணை ரெண்டு வயரையும் இடம் மாத்தினார், சரி. எங்கே பழகினீங்கள் என்று கேட்டோம். "சைக்கிள் டைனமோவில."

1990 ஜூனில் சண்டை திரும்பத் தொடங்க, யாழ்ப்பாணத்தில் கரண்ட் நின்றது. தடைப் பட்டியலில் பெற்றோல் மட்டுமில்லை, டோர்ச் பற்றறியும் இருந்தது. பழைய ஒஸ்ரின் கார்கள் மண்ணெண்ணெயில் ஓடின. ஸ்டார்ட் பண்ண மட்டும் சொட்டுப் பெற்றோல். றேடியோவுக்கு என்ன செய்வது? சைக்கிளைக் கவிழ்த்து வைத்து ஒருவர் பெடல் சுற்ற, டைனமோ அதைப் பேச வைத்தது. டைனமோ தருவது ஆடலோட்டம், றேடியோ கேட்பது நேரோட்டம். இடையில் இருவாயியை, அதுதான் டயோட்டை, பக்கம் பார்த்து ஒட்ட வேணும். மோட்டர் டைனமோவின் மறுபக்கம்தானே: அது சுற்றினால் கரண்ட் தரும், இது கரண்ட் கொடுத்தால் சுற்றும். நேரோட்டத்தின் திசையை மாற்றினால் சுற்றும் திசையும் மாறும்.

சண்டைகளின் திகதிகளைப் பாடமாக்கி வைத்திருக்கிறோம். டயோட் ஒட்டினவர்கள் எங்கட கொப்பிகளில் இல்லை.

பெடல் கொஞ்சம் தளர்ந்தாலும் பிபிசி தமிழோசை அமுங்கிப் போகுமாம். சுற்றினது ஆர் என்று கேட்டோம். தங்கச்சியாம், செய்தி முடியும் வரைக்கும்.