இரவில் வியர்த்துக் கொட்டி எழும் குழந்தை.. 'கூலிங்' மெத்தை வாங்கும் முன் இதைப் பாருங்க!

தாம்பரம், சேலையூர், செம்பாக்கம், குரோம்பேட்டை பக்கம் மொட்டை மாடிக்குக் கீழே இருக்கும் வீட்டில் குடியிருப்பவர்களுக்கு இந்தக் காட்சி புதிதல்ல. இரவு 12 மணி. ஃபேன் அஞ்சில் ஓடுகிறது. குழந்தை தலையணையை உதைத்துத் தள்ளி, கட்டிலின் மறுகோடிக்கு உருண்டு, கடைசியில் இறங்கி வெறும் டைல்ஸ் தரையில் குப்புறப் படுத்துத் தூங்குகிறது. "சளி பிடிச்சிடும்டா" என்று தூக்கி மறுபடி மெத்தையில் போடுகிறோம். அரை மணி நேரத்தில் திரும்பத் தரைக்கே போய்விடுகிறது.

சளி வருவது வைரஸால், தரையால் அல்ல. குழந்தையின் உடம்பு தன் சூட்டை இறக்க இடம் தேடுகிறது, அவ்வளவுதான். மெத்தையில் அது கிடைக்காததால் தரைக்குப் போகிறது. அதனால், கடையில் 'கூலிங்' என்று எழுதிய மெத்தையைத் தேடுவதற்கு முன், இப்போது குழந்தைக்கு அடியில் என்னென்ன விரித்திருக்கிறோம் என்று பார்ப்பது நல்லது. பல வீடுகளில் வாங்குவதை விட எடுத்துப் போடுவதில்தான் பலன் அதிகம்.

எச்சரிக்கை வராத வெக்கை

கடலோரப் பகுதிகளில் பகல் வெப்பநிலை 37 டிகிரியையாவது தொட்டு, அது இயல்பை விட 4.5 டிகிரி கூடுதலாகவும் இருந்தால்தான் இந்திய வானிலை ஆய்வு மையம் வெப்ப அலை என்று சொல்லும். 'வெப்ப இரவு' என்றும் ஒரு கணக்கு உண்டு. ஆனால் பகலில் 40 டிகிரி இருந்த நாளுக்குத்தான் அது பொருந்தும். அதிலும் இரவு வெப்பநிலை இயல்பை விட 4.5 டிகிரி எகிறியிருக்க வேண்டும்.

சென்னையில் மே மாத இரவுகளின் இயல்பே 27, 28 டிகிரி. ஒருநாள் இரவு 30 டிகிரிக்குக் கீழே இறங்கவே இல்லை, காற்றில் ஈரப்பதம் 80 சதவீதம் என்றாலும் இந்த இரண்டு கணக்கிலும் அது வராது. 2024 அக்டோபரில் தமிழக அரசு வெப்ப அலையை மாநிலப் பேரிடராக அறிவித்தது. ஆனால் நம் குழந்தை தூங்காத இரவு அந்தக் கணக்கில் வருவதில்லை.

தாம்பரம் பகுதி கடலிலிருந்து பத்து கிலோமீட்டருக்கு மேல் உள்ளே இருக்கிறது. கடற்காற்று திருவான்மியூரைத் தொடும் நேரத்துக்கு இங்கே வந்து சேராது. பகல் முழுக்க வெயில் குடித்த கான்கிரீட் கூரை, இரவு வெகுநேரம் வரை அந்தச் சூட்டைக் கீழே விட்டுக்கொண்டே இருக்கும். ஃபேன் அந்தக் காற்றைத்தான் இறக்குகிறது.

அடியில் என்ன நடக்குது?

தூக்கம் வர வேண்டுமென்றால் உடலின் உள்சூடு சற்று இறங்க வேண்டும். கை, கால், தலை வழியாக உடல் அந்தச் சூட்டை வெளியே அனுப்பும். தூங்கிய முதல் சில மணி நேரத்தில் குழந்தைகளுக்குத் தலை நனைவது இதனால்தான். வியர்வை வருவது பிரச்னை இல்லை. அது காயாமல் நிற்பதுதான் பிரச்னை. ஈரக்காற்றில் மேல்பக்க வியர்வையே மெதுவாகத்தான் காயும். மெத்தையோடு ஒட்டிக்கிடக்கும் முதுகுக்கோ ஃபேன் காற்றே கிடையாது. அந்த ஈரத்தைத் துணிதான் உறிஞ்சிப் பக்கவாட்டில் பரப்பிக் காயவிட வேண்டும். உறிஞ்சாத ஏதாவது ஒரு அடுக்கு நடுவில் வந்தால், எவ்வளவு விலை கொடுத்து வாங்கிய மெத்தையாக இருந்தாலும் வேலைக்கு ஆகாது.

அந்த அடுக்கு பெரும்பாலும் நாமே போட்டதாக இருக்கும். மெத்தை அழுக்காகிவிடும் என்று கடையில் வந்த பாலிதீன் உறையைக் கழற்றாமலே வருஷக்கணக்கில் வைத்திருப்போம். (இதைப் படிக்கும் பாதிப் பேர் இப்போது கட்டிலைத் திரும்பிப் பார்ப்பீர்கள்.) அடுத்து, படுக்கையை நனைக்கும் குழந்தைக்காக முழுக் கட்டிலுக்கும் விரித்த ரப்பர் ஷீட். பாலிதீன் உறையை இன்றைக்கே கழற்றிவிடுங்கள். ரப்பர் ஷீட் தேவைதான் என்றால் இடுப்புப் பகுதிக்கு மட்டும் வருகிற மாதிரி சின்னத் துண்டாகப் போட்டு, மேலே இரண்டாக மடித்த பழைய வேட்டியை விரியுங்கள். தலையும் முதுகும் படும் இடம் ஃப்ரீயாக இருக்கட்டும்.

பழைய வேட்டி என்று சும்மா சொல்லவில்லை. புதுத் துணியில் கஞ்சியும் பளபளப்புக்கான பூச்சும் இருக்கும், தண்ணீர் அதில் எளிதில் இறங்காது. நூறு முறை துவைத்த காட்டன் வேட்டியும் சேலையும் அந்தத் தடை எல்லாம் போய், ஈரத்தைச் சட்டென்று குடிக்கும். பாட்டிகள் பிறந்த குழந்தைக்குப் பழந்துணியைத் தேடியது சிக்கனத்துக்காக மட்டும் இல்லை.

பாயா, மெத்தையா?

மே, ஜூனில் நம் ஊர் மாடி வீட்டுக்குப் பாய்தான் முதல் சாய்ஸ். ஆனால் ஒரு நிபந்தனை: பாய் தரையில் இருக்க வேண்டும். பாயில் படுத்தால் குளிர்வதற்குக் காரணம் பாய் மட்டுமல்ல, அடியில் உள்ள தரையும்தான். டைல்ஸும் சிமெண்ட் தரையும் உடல் சூட்டை வேகமாக வாங்கிக்கொள்ளும். மெல்லிய பாய் அந்த வழியை அடைப்பதில்லை. அதே பாயை ஃபோம் மெத்தைக்கு மேல் போட்டால் பாதிப் பலன் போய்விடும். முதுகில் ஒட்டாமல் இருக்கும், அவ்வளவுதான். அறையில் சூடான காற்று மேலே நிற்பதால் தரைமட்டத்தில் கொஞ்சம் வித்தியாசம் தெரியும்.

வாங்கும்போது கோரைப் பாயாகப் பார்த்து வாங்குங்கள். தாம்பரம் சண்முகம் சாலையில் கலர் கலராகச் சுருட்டி வைத்திருக்கும் பிளாஸ்டிக் பாய் துடைக்க வசதி, ஆனால் துளி ஈரத்தை உறிஞ்சாது. பத்தமடைப் பாய் வரை போகத் தேவையில்லை, சாதாரணக் கோரைப் பாயே போதும். பாய் குத்துகிறது என்று குழந்தை சொன்னால் மேலே பவானி ஜமக்காளமோ மடித்த காட்டன் சேலையோ விரிக்கலாம். மழைக்காலத்தில் கோரைப் பாய் பூஞ்சை பிடிக்கும், வெயில் கண்ட நாளில் காயப்போட வேண்டும். ஏரியும் காலிமனையும் அதிகம் உள்ள ஏரியா என்றால் தரையில் பூச்சி பயம் உண்டு. கொசுவலையின் ஓரத்தைப் பாய்க்கு அடியில் செருகிவிடுங்கள்.

தரையில் படுக்க வழியில்லை, மெத்தைதான் என்றால்? தேங்காய் நாரில் ரப்பர் பால் கலந்து செய்யும் காயர் மெத்தை கெட்டியாக இருக்கும், நடுவில் காற்றுக்கு இடமும் இருக்கும். வெக்கை தாங்காத குழந்தைக்கு இது பரவாயில்லை. ஆனால் மேலே ஒரு இன்ச் ஃபோமும் பாலியஸ்டர் உறையும் சேர்த்துத் தைத்தே பல மாடல்கள் வருகின்றன. உறை என்ன துணி என்று கேட்டு வாங்குங்கள்.

மெமரி ஃபோம் இதற்கு நேர் எதிர். 1966ல் அமெரிக்காவின் நாசாவுக்காக, விமான இருக்கையில் இருப்பவரைப் பாதுகாக்க உருவான பொருள் அது. உடல் சூடு பட்டதும் இளகி, உடம்பின் வளைவுக்கு ஏற்பப் பொதிந்துகொள்வதுதான் அதன் சிறப்பு. முதுகுவலிக்காரருக்கு அது சுகம். வியர்க்கும் குழந்தைக்கு அது சட்டை மேல் சட்டை.

இலவம் பஞ்சு மெத்தை பற்றித்தான் வீட்டில் அதிகம் வாக்குவாதம் நடக்கும். போடிநாயக்கனூர் பக்கத்திலிருந்து வரும் இந்தப் பஞ்சுக்குக் 'குளிர்ச்சி' என்று பெயர். பஞ்சின் இழை உள்ளே வெற்றுக் குழாய், மேலே மெழுகு போன்ற பூச்சு. தண்ணீர் ஒட்டாது என்பதால் ஒரு காலத்தில் உயிர்காக்கும் மிதவை அங்கியில் அடைத்தார்கள். அதற்குள் காற்று நிற்பதால் உண்மையில் அது சூட்டைத் தடுக்கும் பொருள்தான். பிறகு ஏன் சுகமாக இருக்கிறது? ரப்பர், ஃபோம் இல்லாமல் காட்டன் உறையில் தைப்பதாலும், வெயிலில் போட்டு ஈரத்தை விரட்ட முடிவதாலும். ஆகவே இரண்டு, மூன்று இன்ச்சுக்கு மேல் வேண்டாம். உடம்பு அமுங்கிப் புதைகிற அளவு தடிமனாகத் தைத்தால் வெக்கைதான். உறைக்குப் பளபளக்கும் சாட்டின் துணியைக் காட்டினால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்.

பெட்ஷீட்டில் ஏமாறாதீங்க!

'1000 த்ரெட் கவுண்ட்' என்பது நம் ஊருக்குப் பெருமை அல்ல. நூல் நெருக்கம் கூடக் கூடத் துணி கனக்கும், காற்று நுழையாது. 200 முதல் 300 வரை, சாதாரணக் குறுக்கு நெடுக்கு நெசவில் உள்ள காட்டனே போதும். வழவழவென்று இருக்கும் சாட்டின் நெசவு உடம்போடு ஒட்டும். 'மைக்ரோஃபைபர்' என்றால் பாலியஸ்டர். ஆன்லைனில் மலிவாக வரும் 'கிளேஸ் காட்டன்' பலவும் பாலியஸ்டர்தான். பெயரில்தான் காட்டன்.

சந்தேகமாக இருந்தால் ஓரத்தில் ஒரு நூலை உருவி, பெரியவர்கள் யாராவது பாத்திரம் கழுவும் தொட்டிக்கு மேலே பிடித்துப் பற்றவைத்துப் பாருங்கள். காட்டன் காகிதம் எரிந்த வாசனையோடு சாம்பலாகும். பாலியஸ்டர் உருகிக் கெட்டியான மணியாகச் சுருளும்.

'பேம்பூ' ஷீட் இப்போது டிரெண்டிங். மூங்கில் கூழை ரசாயனத்தில் கரைத்து எடுக்கும் விஸ்கோஸ் இழைதான் பெரும்பாலும் அந்தப் பெயரில் வருகிறது. விஸ்கோஸ் கெட்ட துணி இல்லை, ஈரம் உறிஞ்சும். ஆனால் மூங்கில் என்று சொல்லிக் கூடுதல் விலை வைப்பதுதான் சிக்கல். இப்படி விற்றதற்காக 2022ல் அமெரிக்க வணிக ஆணையம் வால்மார்ட், கோல்ஸ் நிறுவனங்கள் மீது நடவடிக்கை எடுத்து, இரண்டும் சேர்த்து 55 லட்சம் டாலர் கட்ட வைத்தது.

கூலிங் ஜெல் தலையணை தொட்டதும் சில்லென்று இருக்கும். அந்த ஜெல் கொஞ்சம் சூட்டைத்தான் வாங்கும். அது நிரம்பியதும் சாதாரணத் தலையணைதான். கடையில் இரண்டு நிமிடம் தொட்டுப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். மெல்லிய பஞ்சுத் தலையணையும், தினமும் மாற்ற நாலைந்து காட்டன் உறையும் இருந்தால் அதைவிட உபயோகம். துவைக்கும்போது ஃபேப்ரிக் சாஃப்ட்னர் ஊற்றாதீர்கள். வாசனை வரும், ஆனால் அந்தப் பூச்சு துணியின் உறிஞ்சும் திறனைக் குறைத்துவிடும்.

வலை, கூலர், ஏசி

கொசுவலை காற்றை ஓரளவு தடுக்கும். தூசு அடைத்த வலை ரொம்பவே தடுக்கும். மாதம் ஒருமுறையாவது அலசிப் போட்டு, டேபிள் ஃபேனைப் பக்கவாட்டில் வைத்தால் வித்தியாசம் தெரியும். மதுரையிலோ திருச்சியிலோ சுகமாக இருந்த ஏர் கூலர் இங்கே கைகொடுக்காது. ஏற்கெனவே ஈரமான காற்றில் இன்னும் ஈரத்தைச் சேர்க்கும். ஜன்னலை அடைத்துவிட்டுக் கூலர் போட்டால் நிலைமை இன்னும் மோசம். ஜன்னலில் ஈரத்துணி கட்டுவதும் அப்படித்தான். ஏசி இருந்தால் 24 முதல் 26 டிகிரி போதும். 18ல் வைத்துத் தடித்த போர்வை போர்த்தினால் உள்ளே திரும்ப அதே கதைதான்.

ஒரு வயசுக்குள் இருந்தால்..

மேலே சொன்ன தலையணை, ஜமக்காள விஷயம் எல்லாம் கைக்குழந்தைக்குப் பொருந்தாது. கெட்டியான, சமமான படுக்கை, இழுத்துச் செருகிய ஒரே ஒரு துணி, மல்லாக்கப் படுக்க வைப்பது. அமெரிக்கக் குழந்தை மருத்துவர்கள் அமைப்பு 2022ல் வெளியிட்ட பரிந்துரையும் இதுதான். ஒரு வயது வரை தலையணை, போர்வை எதுவும் கூடாது. கடுகுத் தலையணையும் இதில் சேர்த்திதான், பாட்டி கோபித்துக்கொண்டாலும்! தூளி காற்றோட்டமானதுதான். ஆனால் சின்னக் குழந்தைக்குக் கழுத்து மடங்கித் தாடை நெஞ்சில் இடித்தால் மூச்சுக்குச் சிரமம். ஆட்டித் தூங்கவைத்ததும் சமமான படுக்கைக்கு மாற்றிவிடுங்கள். தலையில் குல்லா வேண்டாம்.

எப்போ டாக்டரிடம் போகணும்?

படுக்கையை மாற்றியும், அறை குளிர்ந்திருந்தும், மார்கழியிலும் கூடத் துணி நனைகிற அளவு வியர்த்தால் காட்டிவிடுவது நல்லது. தினமும் குறட்டை, வாயால் மூச்சு விடுவது சேர்ந்திருந்தால் அடினாய்டு, டான்சில் வீக்கமாக இருக்கலாம். இரண்டு வாரத்தைத் தாண்டிய இருமல், விட்டு விட்டுக் காய்ச்சல், எடை குறைவு என்றால் காசநோய் பரிசோதனை அவசியம், அரசு மருத்துவமனைகளில் இலவசம். நம் ரயில் நிலையத்துக்குப் பெயர் தந்த தாம்பரம் சானடோரியம், 1928ல் டாக்டர் சௌரி முத்து இதே நோய்க்காகத் தொடங்கியதுதான். இன்று அது அரசு நெஞ்சக மருத்துவமனை.

பொதுவான சந்தேகங்களுக்கு 104ல் கேட்கலாம். உடம்பு நெருப்பாகச் சுட்டு, குழந்தை குழறினாலோ, கூப்பிட்டும் சரியாக விழிக்காவிட்டாலோ அது வெப்ப மயக்கமாக இருக்கலாம். உடனே 108க்கு அழையுங்கள். ஆம்புலன்ஸ் வரும் வரை துணியைத் தளர்த்தி, உடம்பு முழுக்கத் தண்ணீர் தெளித்து விசிறிக்கொண்டே இருங்கள். மயக்கத்தில் இருக்கும் குழந்தைக்கு வாயில் எதுவும் ஊற்றக் கூடாது.