பாலாற்றங்கரைக் கிணறு சொல்லும் பாடம்

நம்ம கூட்டமைப்பு மலருக்கு வரலாறு பற்றி ஒரு கட்டுரை வேணும்னு கேட்டாங்க. ராஜா ராணி வரலாறு பள்ளிக்கூடத்தோடு மறந்துபோச்சு. எனக்கு நன்றாகத் தெரிந்தது ஒரு கிணற்றின் வரலாறுதான்.

என் தாய்வீடு வாணியம்பாடி பக்கம், பாலாற்றங்கரை கிராமம். பாலாறு வருஷத்தில் பாதி நாள் வெறும் மணலாகத்தான் கிடக்கும். ஆனால் மணலுக்கு அடியில் நீர் ஓடும். அந்த ஊற்றுதான் எங்கள் கிணறுகளுக்கும் வரும். பாட்டி காலத்தில் அந்தத் தண்ணீர் இளநீர் மாதிரி இருக்குமாம். நான் விவரம் தெரிந்து பார்த்தபோது அதே கிணற்றுத் தண்ணீரில் பருப்பு வேகாது, சோப்பு நுரைக்காது. வாயில் வைத்தால் உப்புக் கரிக்கும். வீட்டுக்குப் பின்னால் கிணறு இருந்தும், அம்மா இடுப்பில் குடத்தோடு குடிதண்ணீர் தேடி நடந்தாங்க.

ஏன் இப்படி ஆச்சு? ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டை பக்கம் தோல் பதனிடும் தொழில் ரொம்பப் பழையது. முன்பு ஆவாரம்பட்டை போன்ற மரப்பட்டைகளைப் போட்டுப் பதனிட்டாங்க. பிறகு குரோமியம் என்ற ரசாயனத்தில் பதனிடும் முறை பரவியது. அதில் சுமார் 170 வகை ரசாயனங்கள் சேருகின்றன. ஒரு கிலோ தோலுக்கு 35 லிட்டர் வரை தண்ணீர் செலவாகிறது. அவ்வளவும் கழிவாக வெளியே வந்தாகணும். சுத்தம் செய்யாமல் வாய்க்காலிலும் காலி நிலத்திலும் ஆற்றிலும் விட்டாங்க. மேலே விட்டது மண்ணில் இறங்கி ஊற்றில் கலந்தது. வேளாண் பல்கலைக்கழகத்தின் வேலூர் ஆராய்ச்சி மையம் ஆய்வு செய்தபோது, சுமார் 35,000 ஹெக்டேர் விளைநிலம் முழுசாகவோ பாதியாகவோ கெட்டுப்போனது தெரிந்தது. திண்டுக்கல் பக்கம் 13 கிராமங்களில் 467 கிணறுகளைப் பார்த்ததில் 350 கெட்டிருந்தன.

1991-இல் வேலூர் குடிமக்கள் நல மன்றம் உச்ச நீதிமன்றத்தில் வழக்குப் போட்டது. 1996 ஆகஸ்ட் 28-இல் நீதிபதி குல்தீப் சிங் தலைமையிலான அமர்வு தீர்ப்புச் சொன்னது. அந்தத் தீர்ப்பில் மூன்று விஷயங்களை நாம் மனசில் வைத்துக்கொள்ளணும். ஒன்று, கெடுதல் வருமென்று தெரிந்தால் வரும் முன்பே தடுக்கணும். இரண்டு, கெடுத்தவரே நஷ்ட ஈடும் தரணும், கெட்டதைச் சரிசெய்யும் செலவையும் ஏற்கணும். மூன்று, தன் தொழிலால் கெடுதல் இல்லை என்று ஆலைக்காரர்தான் நிரூபிக்கணும். ஒவ்வொரு ஆலைக்கும் 10,000 ரூபாய் அபராதமும் விதித்தாங்க. வழக்கைத் தொடர்ந்து கவனிக்க சென்னை உயர் நீதிமன்றத்தில் பசுமை அமர்வு அமைக்கச் சொன்னாங்க.

வழக்கில் ஜெயித்தாச்சு. தண்ணீர் திரும்பி வந்ததா? 2001-இல் 29,000-க்கும் மேற்பட்டவர்களுக்கு 26 கோடி ரூபாய்க்கு மேல் நஷ்ட ஈடு கணக்கிட்டாங்க. ஆனாலும் 2025 ஜனவரி 30-இல் உச்ச நீதிமன்றம் மறுபடியும் பாலாறு பற்றித் தீர்ப்புச் சொல்லி, பாதிக்கப்பட்டவர்களுக்கு நஷ்ட ஈடு கொடுக்க உத்தரவிட வேண்டியிருந்தது. வழக்குப் போட்டு 34 வருஷம்! எங்க அம்மா இன்றைக்கும் அந்தக் கிணற்றுத் தண்ணீரைக் குடிப்பதில்லை. சண்டை போட்டு ஜெயிக்கலாம், பணம் கூட வாங்கலாம், கெட்ட ஊற்றைத் திருப்பி வாங்க முடியாது.

அதனால்தான் மயிலம்மாவை நினைக்கிறேன். கேரளா பாலக்காடு மாவட்டம், நம் எல்லைக்குப் பக்கத்தில் பிளாச்சிமடை. பழங்குடிப் பெண், பெரிய படிப்பு இல்லை. 2000-இல் அங்கே கோகோ கோலா ஆலை வந்தது. கொஞ்ச காலத்தில் கிணற்றுத் தண்ணீர் மாறியது. ஆலைக் கழிவை உரம் என்று சொல்லி விவசாயிகளுக்குக் கொடுத்திருந்தாங்க. 2003-இல் சோதித்தபோது அதில் ஈயமும் காட்மியமும் இருந்தன. 2002 ஏப்ரல் 22-இல் பெண்கள் ஆலை வாசலில் உட்கார்ந்தாங்க. 2004 மார்ச்சில் ஆலை நின்றது. தண்ணீர் மாறியதை அந்தப் பெண்கள் கண்டுபிடித்தது ஆய்வுக்கூடத்தில் இல்லை, அடுப்படியில்.

இது யாரோ ஊர்க்கதை என்று நினைக்க வேண்டாம். நம் பட்டாபிராமிலிருந்து ரயில் ஏறினால் அம்பத்தூர், பட்டரவாக்கம், கொரட்டூர் வருது. அம்பத்தூர் தொழிற்பேட்டை 1964-இல் வந்தது. எத்தனையோ குடும்பங்களுக்குச் சோறு போட்ட இடம், நம் வீட்டு ஆட்களும் அங்கே வேலைக்குப் போறாங்க. அதே சமயம் கொரட்டூர் ஏரியில் கழிவு கலந்ததால், ஏரியைக் காப்பாற்ற அந்த ஊர் மக்கள் தேசிய பசுமைத் தீர்ப்பாயம் வரை போனாங்க. ஆலை வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. கழிவை எங்கே விடுகிறார்கள் என்று கேட்கணும் என்கிறேன்.

நம்ம பக்கம் இன்றும் பல வீடுகளில் போர் தண்ணீர்தான். நிறம், வாடை, ருசி மாறினால் முதலில் தெரிவது நமக்குத்தான். கொதிக்க வைத்தால் கிருமி சாகும், உப்பும் குரோமியமும் போகாது. சந்தேகம் வந்தால் குடிநீர் வடிகால் வாரிய ஆய்வுக்கூடத்தில் கட்டணம் கட்டிச் சோதிக்கலாம். ராத்திரியில் லாரி கழிவைக் கொட்டினால் வண்டி நம்பர், தேதி, நேரம், இடம் எழுதி வையுங்க. மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்திலும், திங்கட்கிழமை கலெக்டர் ஆபீஸ் மனு நாளிலும் மனுக் கொடுத்து, ரசீது வாங்குங்க. ஒருத்தி கொடுத்தால் ஒரு தாள். கூட்டமைப்பே கையெழுத்துப் போட்டால் அது வேறு.

வாரக் கூட்டத்தில் சேமிப்பு எவ்வளவு, கடன் பாக்கி எவ்வளவு என்று தவறாமல் எழுதுகிறோம். அதே தீர்மான நோட்டில் மாதம் ஒரு வரி, "இந்த மாதம் தண்ணீர் எப்படி இருக்கு" என்றும் எழுதுவோம். எங்க ஊரில் அப்படி யாரும் எழுதி வைக்கவில்லை. கிணறு எந்த வருஷம் கெட்டது என்று கேட்டால் அம்மாவுக்கே சரியாகச் சொல்லத் தெரியாது. நம் பிள்ளைகளுக்கு அந்த நிலை வர வேண்டாம்.