எரிந்த அரண்மனையும் எழுந்த நூதனசாலையும்

ஒரு நாட்டின் வரலாற்றைக் காட்டும் நூதனசாலை பழைய அரண்மனை ஒன்றில் அமையுமாயின், ஆங்குள்ள பொருள்களேயன்றி அவற்றைத் தாங்கி நிற்கும் கட்டடமும் வரலாற்றுச் சான்றாகி விடுகின்றது. ஆயின், எச்சான்றையும் ஆராய்ந்தே கொள்ளல் வேண்டும் என்பது வரலாறு பயில்வோர்க்கு முதற்பாடம். தென்மார்க்கு நாட்டின் தேசிய வரலாற்று நூதனசாலையாகிய பிரெடறிக்ஸ்போர்க் அரண்மனை அப்பாடத்தை நன்கு புகட்டுகின்றது.

ஹில்லறொட் நகரின் ஏரியிடையேயுள்ள மூன்று சிறு தீவுகளின்மேல், நான்காம் கிறிஸ்டியன் மன்னன் 17ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இவ்வரண்மனையை எடுப்பித்தான். 1859ஆம் ஆண்டு டிசம்பர் மாதத்தில் மூண்ட பெருந்தீ அதன் உட்பகுதிகளிற் பெரும்பாலானவற்றை அழித்தது. மன்னர் பலர் அபிஷேகம் பெற்ற தேவாலயம் தப்பியது. 1610இல் இயற்றப்பெற்ற கொம்பேனியஸ் ஓர்கன் என்னும் இசைக்கருவி இன்றும் அங்கே ஒலிக்கின்றது. பெருமண்டபமோ முற்றாக அழிந்தது. தீக்கு முன்னரே ஹைன்றிக் ஹான்சன் என்னும் ஓவியர் அதன் உட்புறத்தைத் தீட்டி வைத்திருந்தமையால், அவ்வோவியங்களின் துணைகொண்டு அதனை மீள எழுப்புதல் இயல்வதாயிற்று. கல்லும் மரமும் காக்கமாட்டாததைப் பதிவு காத்தது எனலாம்.

எரிந்த அரண்மனை நூதனசாலையானமைக்குக் காரணம் யாது? 1864ஆம் ஆண்டுப் போரிற் புருசியாவுக்கும் ஒஸ்திரியாவுக்கும் தோற்ற தென்மார்க்கு, சிலெஸ்விக், ஹோல்ஸ்ரைன் முதலிய நிலப்பகுதிகளை இழந்து சிறுத்தது. கார்ல்ஸ்பேர்க் பியர்ச் சாலையை நிறுவிய யாக்கொப்சன் என்னும் செல்வர், மக்கள் தம் முன்னோர் வரலாற்றை அறிந்து ஊக்கம் பெறவேண்டுமெனக் கருதினார். அவர் முயற்சியால் 1878இல் நூதனசாலை நிறுவப்பெற்றது. 1882இல் மக்களுக்குத் திறக்கப்பெற்றது. எனவே, அங்குள்ள வரிசைமுறை வெறுந் தொகுப்பன்று. தோல்வியுற்ற ஓரினம் தன்னைத் தேற்றிக்கொள்ள அமைத்த கூற்றுமாகும். நிகழ்ச்சிகளுக்குப் பல தலைமுறை கழிந்தபின் தீட்டப்பெற்ற வரலாற்று ஓவியங்களும் ஆங்கு உள. அவை தாம் காட்டும் காலத்தினும், தம்மைத் தீட்டிய காலத்தின் மனநிலைக்கே சிறந்த சான்றுகளாம்.

இவ்வரண்மனை நம் மாணவர்க்கு முற்றும் அயலானதன்று. போர்த்துக்கேயரை எதிர்க்கத் துணைநாடிய கண்டியரசன் செனரத்தின் பொருட்டு, இதனை எடுப்பித்த அதே கிறிஸ்டியன் மன்னன் 1618இல் ஓவ கெட்ட என்பான் தலைமையிற் கப்பற்படை ஒன்றை அனுப்பினான். அது 1620இல் இலங்கையை அடைந்தது. திருக்கோணமலையிற் காலூன்ற எடுத்த முயற்சி நிலைக்கவில்லை. அவ்வாண்டிலேயே தஞ்சை இரகுநாத நாயக்கனிடம் தரங்கம்பாடியைப் பெற்ற தேனியர், 1845 வரை அதனைத் தம் கையில் வைத்திருந்தனர். மன்னனின் மாளிகையிற் காணும் மாட்சியை, அவன் கப்பல்கள் நம் கரையில் நாடியவற்றோடு ஒருங்கு வைத்து எண்ணும்போதே அக்காலம் முழுமையாக விளங்கும்.

ஆகவே, நூதனசாலையுட் புகுவோர் மூன்று வினாக்களை உடன்கொண்டு செல்லல் வேண்டும்: இதில் எஞ்சியது எது? மீள ஆக்கியது எது? ஆக்கியோர் கருத்து யாது? இவற்றைக் கேட்பதனால் அரண்மனையின் பெருமை குறையாது. காண்போரின் அறிவே பெருகும்.