ஐந்தாம் நிலைச் சான்று

அம்மாவின் வலது முட்டியில் இரண்டு சின்னத் தழும்புகள். மூன்று வருடத்துக்கு முன் ஒரு தனியார் மருத்துவமனையில் துளைபோட்டு, குழாய் விட்டு, உள்ளே ‘சுத்தம்’ செய்தார்கள். தேய்மானத்துக்கு நல்லது என்றார் டாக்டர். “எத்தனையோ பேருக்குச் செஞ்சிருக்கேன், எல்லாரும் நல்லா நடக்கிறாங்க.” தொழிற்சாலையில் ஒரு திருகாணியை மாற்றினால்கூட சோதனை அறிக்கை கேட்கிறவன் நான். அன்று ஒன்றும் கேட்கவில்லை. அம்மாவின் சேமிப்பில் பாதி போனது.

அந்த வெட்கத்தில்தான் பிறகு வாசிக்கத் தொடங்கினேன்.

எல்லாரும் நடக்கிறார்கள் என்று யார் எண்ணிப் பார்த்தது? இதைக் கேட்டுக் கெட்ட பெயர் வாங்கியவர் போஸ்டனின் அறுவை மருத்துவர் எர்னஸ்ட் அமோரி காட்மன். ஒவ்வொரு நோயாளிக்கும் ஓர் அட்டை வேண்டும். பிற்பாடு அவரைத் தேடிப்போய்க் குணமானதா, இல்லையென்றால் ஏன் என்று அதில் எழுத வேண்டும் என்றார். அவர் வேலைபார்த்த மசாசூசெட்ஸ் பொது மருத்துவமனை ஏற்கவில்லை. திறமையைப் பார்க்காமல் மூப்பைப் பார்த்துப் பதவி கொடுப்பதை எதிர்த்து 1914இல் விலகினார். தானே நடத்திய சிறிய மருத்துவமனையின் கணக்கை அச்சிட்டார்: 1911 முதல் 1916 வரை 337 நோயாளிகள், 123 பிழைகள். தன் பிழையைத் தானே எண்ணியவர் 1940இல் இறந்தார். அவர் கல்லறைக்குப் பெயர்க்கல் வைத்ததே 2014இல்தான்.

சான்றுகளைத் தரம்பிரிக்கும் வழக்கம் 1979இல் கனடாவின் ஒரு மருத்துவக் குழுவிலிருந்து பரவியது. எலும்பு அறுவைக்கு அது வர இன்னும் காலம் ஆனது. இடையில், 2002இல், ஹூஸ்டனின் முன்னாள் படைவீரர் மருத்துவமனையிலிருந்து ஓர் ஆய்வு வந்தது. முட்டித் தேய்மானம் உள்ள 180 பேர், மூன்று குழுக்கள். ஒரு குழுவுக்குச் சுரண்டிச் சுத்தம் செய்தார்கள். இன்னொன்றுக்குக் கழுவி மட்டும் விட்டார்கள். மூன்றாவது குழுவுக்குத் தோலில் கீறல் மட்டும். கருவி உள்ளே போகவே இல்லை. யாருக்கு எது என்பது அறுவை அறையில் உறையைப் பிரித்த பிறகுதான் மருத்துவருக்கே தெரியும். இரண்டு வருடம் பார்த்தார்கள். உண்மையான அறுவை, கீறலைவிட எந்தக் கட்டத்திலும் மேலாக இல்லை. அப்போது அமெரிக்காவில் ஆண்டுக்கு 650,000க்கும் அதிகமாக இதைச் செய்துகொண்டிருந்தார்கள்.

அடுத்த வருடம், 2003 ஜனவரியில், அமெரிக்காவின் முக்கிய எலும்பு மூட்டு அறுவை இதழ் தன் கட்டுரைகளுக்கு ஒன்று முதல் ஐந்துவரை தரம் போடத் தொடங்கியது. குலுக்கல் முறையில் பிரித்து ஒழுங்காக நடத்திய சோதனை முதல் நிலை. ஒரே மருத்துவர் தன் நோயாளிகளை வரிசைப்படுத்திச் சொல்வது நான்காம் நிலை. நிபுணரின் கருத்து ஐந்து, அதாவது கடைசி. “எத்தனையோ பேருக்குச் செஞ்சிருக்கேன்” அங்கேதான் வரும்.

கடைசி நிலை என்றால் பொய் என்று அர்த்தமில்லை. உடைந்து விலகிய தொடை எலும்பைப் பொருத்த வேண்டுமா என்று பார்க்க யாரும் போலி அறுவை செய்வதில்லை. ஆனால் தேய்ந்த முட்டிக்குச் சோதனை நடந்திருக்கிறது, ஒருமுறை அல்ல. 2017இல் பிரிட்டிஷ் மருத்துவ இதழில் வெளியான பரிந்துரை, இத்தகைய முட்டி உள்ள ஏறக்குறைய எல்லாருக்கும் இந்த அறுவை வேண்டாம் என்றது. அம்மா அதற்குப் பிறகுதான் மேசையில் படுத்தார்.

போன வாரம் மெல்லப் பேச்செடுத்தேன். “இல்ல தம்பி, முன்னைக்கு இப்ப எவ்வளவோ தேவலாம்” என்றார். ஹூஸ்டனில் கீறல் மட்டும் வாங்கியவர்களிலும் அப்படிச் சொன்னவர்கள் உண்டு. அதை நான் அம்மாவிடம் சொல்லவில்லை.

இப்போது இடது முட்டியும் வலிக்கிறதாம். அடுத்த மாதம் அதே டாக்டர். இந்தத் தடவை கேட்பேன்.